திரைக்கு இந்தப் பக்கம்

"இப்படி அழுதா எப்படி உம்மா? நிக்காஹ் ஓத ஹஜ்ரத் வந்தாச்சு. கண்ணைத் துடைங்க."

இக்ரா சொல்லச் சொல்ல மதீனா பீவிக்கு அழுகை கூடியது. சிவப்புப் பட்டும் கை நிறைய மருதாணியுமாக மகள் நின்ற அழகுக்குத் தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

தின்கன்ஜூனில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் கால் வைக்க இடமில்லை. கொல்லையில் டான்பாவ் என்கிற பர்மா பிரியாணி தம்மில் இருந்தது. கூடத்தில் ஆண்கள். அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள்.

"உங்க வாப்பாவை நெனச்சேன் புள்ள" என்றாள் மதீனா.

"நெனைங்க. யாரு வேணாம்னா? வாப்பா பார்த்தா சந்தோஷம்தான் படுவாங்க."

"இனிமே ராத்திரியில இந்த வீட்டுல ஒருத்தி தனியா கெடக்கணுமே..."

"மாடியில பெரியம்மா இருக்காங்க. மாப்பிள்ளை ஊரு தன்லியின் என்ன சீமையிலயா இருக்கு? பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டினா வந்துடலாம்."

"அந்த பஸ்ஸைப் பத்தித்தான் ஊரே பேசுது. ஒரு குமரிப் பொண்ணு தானே கிளம்பிப் போயி மாப்பிள்ளை வீட்டுல சம்பந்தம் பேசிட்டு வந்தாளாம்!"

"ஆமா, போனேன்." இக்ரா அசரவில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "ஆபீஸ்ல நித்தம் எத்தனை ஆம்பளைங்களோட பேசுறேன், ஒரு மாப்பிள்ளையோட பேசக் கூடாதா? கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விடச் சொல்லக் கூடாது, எங்க போற எங்க வர்றன்னு நோண்டக் கூடாதுன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. சமைக்கத் தெரியுமான்னேன். அங்கேயே மீன் ஆணம் காய்ச்சி ஊத்தினாங்க."

"நல்ல கூத்து!" என்றாள் மதீனாவின் அக்கா பரீதா. "பொண்ணுங்களை உக்கார வெச்சுக் கேள்வி கேட்ட காலம் போயி, மாப்பிள்ளைய அடுப்பங்கரைக்கு அனுப்புற காலம் வந்துடுச்சு!"

பெண்கள் சிரித்தார்கள். கண்ணில் நீரோடு மதீனாவும் சிரித்தாள். புருஷன் இறந்த பிறகு வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தவள்தான்; ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான்.

க்யிம்யிண்டைங்கில் இருந்த தாய்வீட்டில், பதினேழு வயதில், இதே மாதிரி ஒரு திரைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. சம்மதமா என்று கேட்டார்கள். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "பேசாம இருக்கா, சம்மதம்தான்" என்று யாரோ சொல்ல, கூடத்தில் துஆ ஓதி முடித்துவிட்டார்கள். அமைந்த புருஷன் அப்துல் சமது தங்கமான மனிதர். அது அவள் அதிர்ஷ்டம். ஆனாலும், தன்னைக் கேட்டார்கள், தான் பதிலே சொல்லவில்லை என்ற குறை இத்தனை வருஷமும் அவளை விட்டுப் போகவில்லை.

மகளுக்கு அந்தக் கதை தெரியும். உம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு அப்படி நடக்க விடமாட்டேன் உம்மா. பதில் சத்தமா வரணும். வேணாம்னு தோணினா வேணாம்னே சொல்லலாம். டான்பாவை நாமளே சாப்பிட்டுக்கலாம்."

மதீனா பதில் சொல்வதற்குள் திரைக்கு வெளியே அவள் தம்பி ஜமாலின் குரல் கேட்டது.

"சாட்சி ரெண்டு பேரும் நிக்கிறாங்க. தன்லியின் பீர் முகைதீனுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுக்குறோம். சம்மதமா?"

சலசலப்பு அடங்கியது. இக்ரா உதட்டைக் கடித்தபடி தரையைப் பார்த்தாள். பதில் வரவில்லை. ஜமால் மறுபடியும் கேட்டார். அப்போதும் பதிலில்லை.

பரீதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அதான் பேசாம இருக்குல்ல? சம்மதம்தான், போய் ஓதுங்க!"

திரைக்கு வெளியே ஹஜ்ரத் மெல்லச் சிரித்தார். "கன்னிப் பொண்ணுக்கு அது போதும்மா. புருஷன் மௌத்தாகி மறுநிக்காஹ் செய்யிறவங்க, வாயால சொன்னாத்தான் செல்லும்."

இக்ரா தன் உம்மாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம்" என்றாள் மதீனா பீவி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.