மேல்மாடி முதல்ல

படகு வந்து படிக்கட்டு ஜன்னலில் முட்டியதுமே, "மேல்மாடி முதல்ல!" என்று குரல் கொடுத்துவிட்டாள் கேப்டன்.

யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் குடியிருப்பில் எது வந்தாலும் அப்படித்தான். பெயின்ட் அடிக்க ஆள் வந்தாலும் சரி, பூச்சி மருந்து அடிக்க வந்தாலும் சரி, மேல்மாடியில் தொடங்கித்தான் கீழே இறங்குவார்கள். அதிக விலை கொடுத்தவர்கள் மேலே இருக்கிறார்கள் அல்லவா.

வெள்ளத்துக்குத்தான் இந்த மரியாதை தெரியவில்லை. கீழேயிருந்து ஏறிவிட்டது.

பெரியவர்கள் எல்லோரும் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு வேன் பிடித்துப் போனவர்கள். பாலம் மூழ்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு யார் தலைமை என்ற பேச்சே எழவில்லை. சங்கச் செயலாளரம்மாவின் மகள் இருக்கும்போது வேறு யாருக்கு வாய் வரும்? போதாக்குறைக்குப் பள்ளியிலும் அவள்தான் கேப்டன்.

மேல்மாடி இரட்டையர் பெட்டியோடு இறங்கி வந்தார்கள். ஒருவன் நீச்சல் கண்ணாடி வேறு மாட்டியிருந்தான்.

வரிசையின் கடைசியில் மேஸ்திரி மகள். கேப்டன் வயதுதான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். அவளுக்கு எந்த மாடியும் கிடையாது, அதனால் கடைசி.

அவள் இடுப்பில் முதல் மாடிப் பொடியன். காலையிலிருந்து அவனுக்கு இழுப்பு. மருந்து தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாங்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேப்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவருக்காக வரிசையைக் கலைத்தால் அப்புறம் யார் வரிசையில் நிற்பார்கள்?

"கல்லு மாதிரி நிக்கறா பாரேன்," என்று முணுமுணுத்தாள் நான்காம் மாடிக்காரி.

பெட்டி படகுக்குள் போனது. இரட்டையரில் ஒருவன் காலை வைத்தான்.

"தம்பி, காலை எடு. மேஸ்திரி பொண்ணு யாரு? அவளைக் கூட்டிட்டு வரத்தான் அவங்கப்பா என்னை அனுப்பினாரு," என்றார் படகுக்காரர். "மத்தவங்களுக்குப் பெரிய படகு பின்னால வருதாம்."

எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

பெட்டி வெளியே வந்தது.

மேஸ்திரி மகள் பொடியனோடு முன்னால் வந்தாள். படகு என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும்; இன்னும் ஒரு ஆள் ஏறினால் விளிம்பு தண்ணீரைத் தொடும்.

"புள்ளைய எறக்கிடும்மா. பெரிய வீட்டுப் புள்ளைங்களை நான் ஏத்த மாட்டேன். நடு வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கோர்ட்டு கேஸுன்னு யாரு அலையறது?"

"என் தம்பிண்ணே. சித்தி பையன்."

படகுக்காரர் பொடியனின் சட்டையைப் பார்த்தார். "சட்டை சித்தி வாங்கிக் குடுத்த மாதிரி இல்லையே."

ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் ஏழு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிற வாய்கள் அந்த வரிசையில் நின்றன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாக் கண்களும் கேப்டன் மேல்.

"பழைய சட்டைண்ணே," என்றாள் கேப்டன். "நாங்கதான் குடுத்தோம். வேலை செய்யறவங்களுக்குப் பழசெல்லாம் குடுத்துடறது."

அச்சு அசல் அவள் அம்மாவின் குரல். படகுக்காரருக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

படகு நகர்ந்தது. மேஸ்திரி மகளின் தோளுக்கு மேலாகப் பொடியன் இரண்டு கைகளையும் படிக்கட்டுப் பக்கம் நீட்டினான். கூப்பிட அவனிடம் மூச்சில்லை.

தெரு முனையில் படகு திரும்பி மறைந்தது. கேப்டன் ஜன்னல் கம்பியை விடவில்லை. நான்காம் மாடிக்காரி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள்.

"தம்பி எங்கன்னு உங்கம்மா கேட்டா என்னடி சொல்லுவே?"

கேப்டன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுவேன்."