பயமில்லாத வகுப்பு

மதாம் ரோஷா பலகையில் ஒரு மூளையை வரைந்தார்.

தங்கராஜாவுக்கு அது பூக்கோவா போலத்தான் தெரிந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவர் நாள்தோறும் நறுக்கும் காலிஃபிளவர்.

ரெனான் என்ற ஊரில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் ப்ரெஞ்சு வகுப்பு. பன்னிரண்டு பேர் படித்தார்கள். பரீட்சையில் இரண்டு முறை தவறியவர் தங்கராஜா ஒருவர்தான். சான்றிதழ் இல்லாமல் விசா மாறாது. விசா மாறாமல் மட்டக்களப்பிலிருந்து மனைவியைக் கூப்பிட முடியாது.

மூளையைப் பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தார் மதாம். வந்ததிலிருந்து சிவப்புப் பேனாவைக் காணவில்லை. மேசைகளில் புதினாத் தேநீர் இருந்தது.

மூளைக்கு நடுவில் எதையோ சின்னதாக வரைந்து வட்டமிட்டார்.

"என்னவாம்?" என்று பக்கத்திலிருந்த ஜெயந்தியைக் கேட்டார் தங்கராஜா. அதே இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்பவள். ப்ரெஞ்சு நன்றாக விளங்கும்.

"மண்டைக்குள்ள பாதாம்பருப்பு மாதிரி ஒண்டு இருக்காம், அண்ணை. பயந்தா அது முழிச்சுக்கொள்ளுமாம். பிறகு படிக்கிறது ஒண்டும் உள்ள போகாதாம்."

அவர் குழம்பிப்போனார். மதாமுக்கு யாராவது பயப்படுவார்களா? இந்த நாட்டில் தன்னோடு இவ்வளவு மெதுவாகக் கதைத்தவர் வேறு யாருமில்லை. அப்படியானால் ப்ரெஞ்சு ஏன் உள்ளே போகவில்லை?

மதாம் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் மிக விரைவாகக் கற்ற மொழி எது?

இதற்குத் தங்கராஜாவுக்குப் பதில் தெரியும்.

"சிங்களம். பன்னிரண்டு நாள்" என்றார் ப்ரெஞ்சில்.

மதாம் கைகளைக் கோத்துக்கொண்டு மகிழ்ந்தார். பார்த்தீர்களா, நல்ல இடம், அன்பான ஆசிரியர், மூளை தானாகத் திறந்துகொள்கிறது! மூளைப் படத்துக்குப் பக்கத்தில் பெரிதாகப் பன்னிரண்டு என்று எழுதினார்.

தங்கராஜா இல்லையென்று தலையசைக்கப் பார்த்தார். அதற்குள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மதாம் சொல்வது உண்மையென்றால், அந்தச் சிங்களம் எப்படி உள்ளே போனது? பதினாறு வருடமாகியும் ஓர் எழுத்துக்கூட ஏன் அழியவில்லை?

அந்த மொழியில் ஏதாவது சொல்லுங்கள் என்றார் மதாம்.

அந்த வகுப்பில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. தங்கராஜா எழுந்தார். குதிகால்கள் சேர்ந்தன. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

"அங்க எக்கசிய தாஹத, இன்னவா சேர்."

வகுப்பே கைதட்டியது.

"என்னண்ணை சொன்னனீங்கள்?" ஜெயந்திக்குச் சிங்களம் தெரியாது.

நூற்றுப் பதினேழாம் இலக்கம், இருக்கிறேன் ஐயா. தடுப்பு முகாமில் விடியும்போதெல்லாம் சொன்னது. ஓர் எழுத்துப் பிசகினாலும் தோளில் தடி இறங்கும்.

"காலை வணக்கமெண்டு சொல்லு, பிள்ளை."

அவள் சொன்னாள். மதாமுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நாமும் கற்றுக்கொள்வோம் என்றார்.

பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே சேர்ந்து சொன்னார்கள். கடைசி மேசையிலிருந்த போர்த்துக்கல் கொத்தனார் இலக்கத்தைப் பிழையாகச் சொன்னார்.

தங்கராஜா கண்களை இறுக மூடிக்கொண்டார்.