இந்தக் கோடையில் மூன்று படங்கள்

"இந்தப் படத்துக்கு நூத்துக்கு எண்பது போடலாம்மா. போன வாரம் பாத்ததுக்கு முப்பத்தஞ்சு போட்டதே அதிகம்."

தியேட்டர் வராந்தாவில் நின்றபடி பெரியவர் தீர்ப்புச் சொன்னார். மதியக் காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. வெயிலில் இறங்க மனமில்லாமல் கூட்டம் மின்விசிறிகளுக்குக் கீழேயே தேங்கி நின்றது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சலவைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு மகள்.

எதிரே நின்ற தோழி, மகளோடு ரெடிமேட் துணிக் கம்பெனியில் வேலை செய்பவள். மகள் தைக்கிற சட்டைகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த காட்சிக்காக வந்திருந்தாள். அவள் கணவன் டிக்கெட் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் என்ன படம்பா பாத்தீங்க?"

"பேரா முக்கியம்? லாரிக்காரன் கதை. மலை இறக்கத்துல பிரேக் பிடிக்காத லாரி. நம்ம ஹீரோ ஒரு கையால ஸ்டியரிங்கை வளைக்கிறான், இன்னொரு கையால தலை வாரிக்கிறான். காலம் பூரா வண்டி ஓட்டுனவன் நான். என் காதுலயே பூ சுத்தப் பாக்கிறான்!"

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் ஒரு பேய்ப் படம் பாத்தேன்பா. பேயைப் பாத்துப் பயமே வரல. இன்னும் எவ்வளவு நேரம் ஓடுமோன்னுதான் பயமா இருந்துச்சு."

"காசு கொடுத்துத் தூங்கிட்டு வந்தேன்னு சொல்லு."

"ஆமா. ஆனா அந்த அண்ணன் தம்பி படம் இருக்கே, அதை மட்டும் விட்டுடாதீங்க. தியேட்டரே அழுவுது. கடைசியில அவங்க அம்மா..."

"அப்பா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று மகள் பாட்டிலை நீட்டினாள். பெரியவர் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அழுவாச்சிப் படமெல்லாம் நமக்கு ஆகாதும்மா. போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒண்ணு பாத்தோம், கல்யாண வீட்டுக் கதை. அண்ணியும் நாத்தனாரும் ஒரு அண்டாவுக்காக இடைவேளை வரைக்கும் மல்லுக்கு நிக்கிறாங்க. வசனம் ஒவ்வொண்ணும் எங்க வீட்டுச் சமையல்கட்டுல கேட்டது மாதிரியே இருந்துச்சு. அதுக்கு அறுபது."

"அப்போ இன்னைக்குப் படம்தான் முதல் மார்க்கா?"

"சந்தேகமே இல்ல. இதுல ஒரு நாய் வருது பாரு. பேசாமயே எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. அது மூஞ்சியில வர்ற பாவத்துல பாதி அந்த ஹீரோ மூஞ்சியில வந்திருந்தா நூத்துக்கு நூறே போட்டிருப்பேன்."

தோழி மகளின் பக்கம் திரும்பினாள். "எங்க மாமனாரும் இருக்காரே! படத்துக்கு வாங்கன்னா கால் வலி, தலை வலின்னு ஆயிரம் சாக்கு. நீ கொடுத்து வச்சவ. வாரம் ஒரு படம்!"

மகள் சிரித்தாள். "லீவு நாள்ல வீட்டுல இருந்தா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதான்."

"உங்கம்மாவையும் இழுத்துட்டு வந்திருக்கலாம் பாப்பா" என்றார் பெரியவர். "நாய்னா அவளுக்கு உசுரு."

"அம்மாவுக்கு முட்டி வலிப்பா. இத்தனை படி ஏற முடியாது."

"அதுவும் சரிதான். போய் நானே கதையைச் சொல்லிடறேன். பாதிக் கதையிலயே முடிவைக் கண்டுபிடிச்சுடுவா, கெட்டிக்காரி."

"ஆட்டோ வந்துடுச்சுப்பா. பாத்து இறங்குங்க."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தோழி கையசைத்துவிட்டுக் கணவனோடு உள்ளே போனாள்.

படம் ஆரம்பித்ததுமே நாய் வந்தது. பெரியவர் சொன்னது சரிதான், தோழிக்கும் அதை மிகவும் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கல்யாண வீடு. அங்கே அண்ணியும் நாத்தனாரும் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். தோழியின் கை பாப்கார்ன் பொட்டலத்துக்குள்ளேயே நின்றது. இடைவேளை முடிந்ததும் மலை இறக்கத்தில் ஒரு லாரி வந்தது. ஹீரோ ஒரு கையால் தலை வாரிக்கொண்டான்.

மறுநாள் கம்பெனியில் தேநீர் இடைவேளை வரும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மூணு வாரமும் ஒரே படமா?"

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கு மறதி நோய். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துண்டு மட்டும் மனசுல நிக்குது. அதை ஒவ்வொண்ணும் ஒரு படம்னு நெனச்சுக்கறாரு."

"அதுக்காக? இத்தனை படம் ஓடுதே, மாத்திக் காட்டக் கூடாதா?"

"முதல்ல வேற படத்துக்குத்தான் போனோம். அதுல ஒரு சாவு வீடு வந்துச்சு. இருட்டுல எழுந்து நின்னு, 'உங்கம்மா எங்க?'ன்னு சத்தமா கேட்டுட்டாரு. சமாளிக்கப் பாத்தேன், விடல. இந்தக் கோடைக்கு வந்ததுல யாருமே சாகாத படம் இது ஒண்ணுதான்."

தோழிக்குப் புரியவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலின்னுதானே சொன்னே?"

"எங்கம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் மகள். "ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவரு அதை முதல் தடவையாத்தான் கேக்கறாரு."