அரை பூமி

"ஏனம்மா, விளையாடுறியா? பேப்பர் முழுக்க சைபர்!"

முரளிதரன் சாருக்குப் பாடம் கன்னடத்துல வரும், கோபம் மட்டும் தமிழ்ல வரும். மைசூர் காலேஜ்ல தமிழ்ப் பசங்க மாட்டினா அன்னிக்கு அவருக்கு விருந்து.

இன்னிக்கு மாட்டினது தாரணி. பி.காம் ரெண்டாம் வருஷம்.

சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட். வீட்டுல எவ்ளோ கரண்ட், எவ்ளோ பெட்ரோல், எவ்ளோ தண்ணினு எழுதணும். ஊர் உலகமே நம்மள மாதிரி வாழ்ந்தா எத்தனை பூமி வேணும்னு கடைசியில ஒரு கணக்கு வரும். இருபது மார்க்.

"மதனுக்கு மூணு பூமி. ஸ்வாதிக்கு ரெண்டரை. உனக்கு மட்டும் அரையா?"

மதன் எழுந்தான். "உங்களுக்கு எத்தனை சார்?"

"அஞ்சு. அது... கார் லோன்ல வாங்கினதுப்பா. நீ உக்காரு!"

கிளாஸ் சிரிச்சு அடங்கறதுக்குள்ள சார் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சாரு, கோர்ட்டு வக்கீல் கணக்கா.

"ஃப்ரிட்ஜ்? சைபர். ஏசி? சைபர். வண்டி? சைபர். கரண்ட் பில்? அதுவும் சைபர். மேல்கோட்டை மலையில சாமியாரா இருக்கியா தாயி?"

"காத்தைக் குடிச்சு வாழுது சார்!" இது மதன்.

"நெசந்தானுங் சார்." தாரணி தலை நிமிரல. "மார்க் போச்சுன்னா ஸ்காலர்ஷிப் போயிருமுங் சார்."

"பொய்க்கு மார்க் கிடையாது. உன் வீட்டை நானே வந்து பாக்கிறேன். எந்த பஸ்ஸு?"

"பஸ் எதுக்குங் சார்? நடந்தே போயிரலாம்."

வேடிக்கை பாக்க கிளாஸே பின்னாடி கிளம்பிச்சு.

லைப்ரரி தாண்டி, கேன்டீன் தாண்டிப் போனா, காலேஜ் காம்பவுண்டு மட்டும் தாண்டவே இல்ல. கூரையெல்லாம் சோலார் வைக்கப்போற புது 'பசுமை பிளாக்', பாதி கட்டி நிக்குது. அதுக்குப் பின்னாடி வரிசையா தகர ஷெட்டு.

"இதுதானுங் சார்."

உள்ள ஒரு குடம், ரெண்டு பெட்டி, காண்ட்ராக்டர் போட்டுக் குடுத்த ஒத்த பல்பு. எட்டிப் பாத்த சார் சட்டை அரை நிமிஷத்துல நனைஞ்சு போச்சு. அவ்ளோ அனல்.

தாரணியோட அம்மா தேவம்மா மணல் சட்டியைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க.

"சார், புள்ள ஏதாச்சும் தப்பு பண்ணிருச்சுங்களா?"

மதன் எல்லாருக்கும் பின்னாடி நகந்து நின்னான். காலேஜ் சேந்ததுலேருந்து மொத தடவை.

சார் தொண்டையைச் செருமினாரு. "இல்லீங்கம்மா. கிளாஸ்ல இவதான் ஃபர்ஸ்ட்டு. சொல்லிட்டுப் போலாம்னு எல்லாரும் வந்தோம்."

பேனாவை எடுத்து, நின்னபடியே இருபதுக்கு இருபது போட்டாரு. கையெழுத்துப் போட பேப்பரைத் திருப்பினா, பின்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. இதுவரைக்கும் யாரோட பேப்பர்லயும் அவர் படிக்காத கேள்வி.

'அடுத்த வருஷம் எதைக் குறைப்பீர்கள்?'

தாரணி குண்டு குண்டா கன்னடத்துல எழுதியிருந்தா:

'மன்னிக்கணும் சார், எனக்குக் குறையாது, கூடும். வாடகை வீட்டுக்குப் போறோம். அங்கே ஒரு ஃபேன் போடப்போறோம்.'