சிவப்பு மூடிக் குழாய்

வடசேரி லேபில் பிந்துவின் முதல் வேலை, அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை மெஷினில் ஓட்டிப் பார்ப்பது. அன்றும் கால்சியம் இம்மி பிசகாமல் வந்தது. அடுத்து, இராஜாக்கமங்கலத்திலிருந்து வந்திருந்த மீன்காரர் ததேயுஸின் ரத்தம். கால்சியம் பூஜ்யம்.

அவள் பயப்படவில்லை. அவசரத்தில் ஊதா மூடிக் குழாயில் எடுத்திருப்பாள். அதிலுள்ள மருந்து கால்சியத்தை விழுங்கிவிடும். லேபில் எல்லாரும் செய்கிற தப்புதான்.

“ஒருக்கா கூடி குத்தணும் அண்ணே.”

“குத்து மக்கா.”

மருந்தில்லாத சிவப்பு மூடிதானா என்று இரண்டு தரம் பார்த்து எடுத்தாள். மறுபடியும் பூஜ்யம். கால்சியம் இல்லாவிட்டால் இதயம் துடிக்காது. அவரோ பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

மெஷினுக்குத்தான் கோளாறு என்று தன் ரத்தத்தையே எடுத்து வைத்தாள். பூஜ்யம். கன்ட்ரோலை மறுபடி ஓட்டினாள். இம்மி பிசகவில்லை.

பிந்து தன் மணிக்கட்டில் விரல் வைத்து அழுத்தினாள். இடம் மாற்றி அழுத்தினாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

ததேயுஸ் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“தேடாத மக்கா,” என்றார் கனிவாக. “எனக்கும் மொத நாளு இப்படித்தான் இருந்துது.”