சிவப்பு விழுந்த பசை

ரதி ஒரு கையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு மறு கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். கணினிக்குப் பக்கத்திலிருந்த பிளேன்டீ தளும்பிக் கீபோர்டில் கொட்டியது.

“இந்தப் பொட்டிதானா மிஸ், எங்க பசையப் பத்திச் சொன்னது?”

சாம்பவி துடைக்கத் துணியைத் தேடினாள். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றின் இரண்டாம் மாடியில் அவளுடைய அலுவலகம். ஒரு இரசாயனம் மனுசருக்கு விஷமா இல்லையா என்று, எலிக்கும் முயலுக்கும் ஊட்டிப் பார்க்காமல், கணினியை வைத்துக் கணித்துச் சொல்வது தொழில். அங்கே வருகிறவர்கள் காரில் வருவார்கள், கதவைத் தட்டிவிட்டு நிற்பார்கள். கொட்டாஞ்சேனைச் செருப்புக் கம்பனியில் அடித்தோல் ஒட்டுகிற பெண் எவளும் இதுவரை அந்தப் படியேறி வந்ததில்லை.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. பேச்சில் தேயிலைத் தோட்டம் இருந்தது. இருக்கச் சொன்னதும் கதிரையின் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கிழவியைப்போல இறங்கி உட்கார்ந்தாள்.

போன மாதம் அந்தக் கம்பனியின் புதுப் பசை திரையில் சிவப்பாக விழுந்தது. கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கேடு என்றது கணிப்பு. ஆய்வுகூட முடிவு வரும்வரை பழைய பசையைப் பாவிக்கும்படியும், கையுறை கொடுக்கும்படியும், காற்றுப்போக வழிசெய்யும்படியும் முதலாளிக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தாள். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருந்தார்.

கையுறை தந்தார்களா என்று கேட்டாள். இல்லையாம். ஜன்னல்? இருந்த ஒன்றையும் பெட்டி அடுக்கி மறைத்துவிட்டார்களாம். பழைய பசை? அதைக் கண்டே ஒரு மாதத்துக்கு மேலாம்.

சாம்பவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியில் இருந்துகொண்டு தலையாட்டிய அந்த மனுசனைக் கழுத்தில் பிடித்து இழுத்துவந்து, அந்தப் பசை அறைக்குள் ஒரு பகல் முழுக்கப் பூட்டிவைக்கவேண்டும் போலிருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. பிள்ளை ஏதும் கலைஞ்சிட்டுதோ?”

“கலையறதுக்கு மொதல்ல உண்டாகணுமில்ல.”

கல்யாணமாகி எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, வைகாசி வந்தால் ஒரு வருஷம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவளே நேராகத் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நெருப்புத்தான் இருந்தது.

“போன மாசம் வெசம்னீங்க. இன்னைக்குக் காலையில, வெசமில்ல, அந்தக் கம்பியூட்டர் மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னு சூப்பவைசர் சிரிச்சிக்கிட்டுச் சொல்றான். எது மிஸ் நெசம்? இல்லாட்டி மொதலாளி கேட்டாருன்னு மாத்திப் போட்டீங்களா?”

இது சாம்பவிக்குச் சுட்டது. இரவு பகலாக முறிந்து வேலை செய்கிறவளைப் பார்த்து விலைபோனவள் என்கிறாள். அவளுக்கும் குரல் ஏறியது. திரையை ரதியின் பக்கம் திருப்பினாள்.

நடந்தது இதுதான் என்று விளங்கப்படுத்தினாள். கணினி ஒரு பொருளின் வடிவத்தைத்தான் பார்க்கும். பசையிலிருந்த ஒன்றின் வடிவம், தெரிந்த ஒரு விஷத்தின் வடிவத்தை அச்சாக ஒத்திருந்தது. அதைக் கண்டதும் சிவப்பைப் போட்டுவிட்டது. யுத்த காலத்தில் அடையாள அட்டையில் ஊர்ப்பேரைப் பார்த்துவிட்டு ஆமிக்காரர் ஆளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த மாதிரி. நேற்றுத்தான் ஆய்வுகூட முடிவு வந்தது. உயிருள்ள செல்களில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றல்ல, மூன்று ஆய்வுகூடத்தில். எங்கும் எந்தக் கேடும் இல்லை. அதைக் கணினிக்கும் படிப்பித்து மறுபடி ஓடவிட்டாள், பச்சை விழுந்தது. அதை நேற்றே முதலாளிக்கும் அறிவித்துவிட்டாள்.

“என்னை ஒருத்தரும் வாங்கேல்ல. இது நூறு வீதம் சரி.”

ரதி திரையைப் பார்க்கவேயில்லை. சாம்பவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்தப் பசையில வேலை செஞ்சுக்கிட்டே ஒருத்தி உண்டானா?”

“ஒண்டும் நடக்காது.”

“பொறக்கிற புள்ளைக்கு?”

“ஒரு கீறலும் வராது. சத்தியமாச் சொல்லுறன் தங்கச்சி, அந்தப் பசை ஆரையும் ஒண்டும் செய்யாது. உங்களுக்கு இப்ப வயித்தில நோவெண்டால் அது வேற காரணம். நாளைக்கே டொக்டரிட்டக் காட்டுங்கோ. நீங்கள் பயப்பிடாமல் எத்தினை பிள்ளையும் பெறலாம்.”

சொல்லி முடித்தபோது சாம்பவிக்கே மனம் இளகியிருந்தது. பயந்து வந்த ஒருத்திக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன இருக்கிறது? இனியாவது இவள் முகம் மலரும் என்று பார்த்தாள்.

முகம் மலரவில்லை. ரதி கதிரையைப் பிடித்து எழுந்தாள். எழும்போது முகம் நோவில் கோணியது. கீழே காலிவீதிப் பக்கம் பஸ்காரன் ஒருவன் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

“டொக்டர்ட்டதான் மிஸ் போனோம். மொதலாளியே ஆள் காட்டுனாரு.”

சாம்பவிக்கு விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டாள்.

“கம்பியூட்டர் சிவப்புக் காட்டிருச்சு, இனிமே புள்ள பெத்துக்க முடியாதவளுக்கு மட்டுந்தான் பசைப் பகுதியில வேலை, மத்தவளுகெல்லாம் ஊருக்குப் போங்கன்னாரு.” ரதி கதவைத் திறந்தாள். “போன வாரம் நாங்க மூணு பேரு கருத்தடை ஒபரேசன் பண்ணிக்கிட்டோம்.”