இன்னொரு டேக்

இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை. கல்யாண வீடியோ எடுக்கிற அசன், தன் கேமராவிலேயே அதைப் படமாக்கக் கிளம்பிவிட்டான். நடிக்க வந்தது நண்பன் சங்கரலிங்கம் மட்டும்தான். காதலனாக நடிக்க ஊரில் எவனும் துணியவில்லை.

"கேமராதான் அவன்னு நெனச்சுக்கோ. அதப் பாத்துச் சொல்லுலே."

மணிமுத்தாறு அணைக்கரையில் நின்று சங்கரலிங்கம் சொன்னான்: "உன்னைய விட்டுட்டு நான் எங்கலே போவேன்?"

"உயிரே இல்ல. இன்னொரு டேக்."

சொன்னான். குரல் உடைந்தது.

"காத்து இரையுது. இன்னொரு டேக்."

பொழுது சாயும்வரை சொன்னான். கண்ணீருக்குக் கிளிசரின் தேவைப்படவில்லை.

"போதும்லே, வீட்டுக்குப் போ. நாளைக்கு உனக்குக் கல்யாணம்" என்றான் அசன், கேமராவைப் பைக்குள் வைத்தபடி.

சங்கரலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கேமராவுக்குள்ள கேசட்டே இல்லியே லே. செவப்பு லைட்டு எரியவே இல்ல. மொத டேக்லயே பாத்துட்டேன்."

அசன் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சுமா இத்தன தடவ சொன்ன?"

"நீ எதுக்குலே இத்தன தடவ கேட்ட?"

அம்பாசமுத்திரம் பஸ் வந்தது. சங்கரலிங்கமே கை காட்டி நிறுத்தினான்.